சாப்ட்டேனுங்க

என் தங்கச்சி தனுஷியா தான் சாப்பிடாமல் இருந்தே எங்கள் காம்பவுண்டு முழுவதற்கும் வயிறு நிறைய வைத்தாள். நம்ப முடியாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், நான் நிரூபிக்க உட்காரவில்லை, நடந்ததைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன், அதையும் சீக்கிரம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், செக்கிங் டேபிளில் பீஸ் குவிந்து கிடக்கும்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பின்பக்கம், எதிரும் புதிருமாக இரண்டு வரிசை லைன் வீடுகள், நடுவில் ஒரு குழாய், குழாயடியில் ஒரு முருங்கை மரம், இதுதான் எங்கள் காம்பவுண்டு. என் பெயர் பூங்கொடி. பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்க்கிறவர்கள் ஒரு சிரிப்பை விழுங்குவார்கள், விழுங்கட்டும், நான் பூவும் இல்லை கொடியும் இல்லை, அம்மாவைப் போல அகலமானவள். பத்தாவதில் கணக்கு போனது, மறுபடி எழுதச் சொன்னார்கள், மாட்டேன் என்று சொல்லிவிட்டு அம்மா ஓவர்லாக் தைக்கிற கம்பெனியிலேயே, தைத்த பீஸில் பழுது பார்த்துப் பிசிர் வெட்டுகிற செக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அப்பா லாரியில் வடக்கே போனால் திரும்பும்போது தாடியோடு வருவார். தனுதான் எங்கள் வீட்டில் படிக்கிற பிள்ளை, பதினாலு வயது, உப்பின கன்னம், சிரித்தால் கண் காணாமல் போகும், பள்ளிக்கூடத்தில் பன்னு என்று கூப்பிட்டார்கள். நான் படித்த காலத்தில் என்னையும் என்னென்னவோ கூப்பிட்ட பள்ளிக்கூடம்தான் அது. எனக்குக் கோபம் வந்தது, கோபம் வந்தால் என் கை நீளும், கை நீண்டால் அவர்கள் வாய் மூடும். தனுவுக்கு வெட்கம் வந்தது. வெட்கத்துக்குக் கை கிடையாது, அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் ஊரில் நாங்கள் தைப்பதை நாங்கள் போடுவதில்லை. கடல் தாண்டிப் போக வேண்டியது, ஏதோ ஒரு கோணலால் போகாமல் நின்றுபோனது, அதுதான் செகண்ட்ஸ் கடைக்கு வந்து எங்கள் மேல் ஏறும். அப்படித்தான் அம்மா ஒரு கிளிப்பச்சைச் சட்டை எடுத்துக்கொண்டு வந்தாள், கழுத்தில் பதினாலு வயது என்று லேபிள் இருந்தது, வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாட்டசாட்டமான பிள்ளைகள், உனக்குத் தொளதொள என்றுதான் இருக்கும் என்று சொல்லி வாசலில் வைத்தே போட்டுப் பார்க்கச் சொன்னாள். சட்டை தனுவின் தோளில் மாட்டிக்கொண்டது, மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை, இரண்டு கையும் மேலே நிற்க, தலை துணிக்குள் மாட்டியபடி அவள் நடு வாசலில் நின்றாள். அம்மா சிரித்தாள். எதிர் வீட்டு ராசாமணி அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அத்தன பெரிய வெள்ளக்காரப் புள்ளைக்கே பத்தறது உனக்குப் பத்தலையா கண்ணு? சித்தெ பூசினாப்ல ஆயிட்டே."

கெட்ட எண்ணத்தோடு யாரும் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் நான் பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருப்பேன், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

அன்றைக்கு ராத்திரிச் சோற்றைத் தனு தட்டில் பிசைந்து பிசைந்து வைத்திருந்து குழாயடி நாய்க்குப் போட்டாள். அதற்குப் பிறகு காலையிலும் மதியமும் அப்படியே ஆனது, பிறகு நாய் எங்கள் வாசலை விட்டு அசைவதில்லை என்று ஆனது.

இப்போது இந்தக் கேள்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவரை ஒருவர் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாது, பார்த்தால் சாப்டியா என்று கேட்டாக வேண்டும், விடிகாலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தாலும் கேட்க வேண்டும், சாவு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவரையும் கேட்க வேண்டும், சண்டை போட்டு முகம் திருப்பிக்கொண்டவள்கூட மூன்றாம் நாள் இதைக் கேட்டுத்தான் ராசியாவாள். கேட்டால் சாப்ட்டேனுங்க என்று சொல்லிவிட வேண்டும். இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் கேட்டவர் உள்ளே கூப்பிட்டுத் தட்டு வைத்தாக வேண்டும், அவருக்கு என்ன கஷ்டமோ, அதனால் யாரும் சொல்வதில்லை, கேட்பது மரியாதை என்றால் பொய் சொல்வது அதைவிடப் பெரிய மரியாதை.

தனு மரியாதையான பெண். கேட்டவர்களுக்கெல்லாம் சாப்ட்டேனுங்க என்று சொன்னாள். சொல்லச் சொல்ல, கேட்டவர்களின் வயிறு நிறைந்தது.

முதலில் நிறைந்தது அம்மாவுக்கு. ஷிப்ட் முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சாப்டியா என்று கேட்டாள், சாப்ட்டேம்மா என்று தனு சொன்னாள், அம்மா ஒரு ஏப்பம் விட்டுவிட்டு, என்னமோ பசியே இல்லை என்று கையைக் கழுவிக்கொண்டு படுத்துவிட்டாள். மறுநாள் ராசாமணி அக்காவுக்கு. அவள் கூடவே என்ன சாப்ட்டே கண்ணு என்றும் கேட்டிருக்கிறாள், பூரியும் கிழங்கும் என்று தனு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறாள், அக்காவுக்கு நாக்கில் மஞ்சள் கிழங்கு ருசியும் பல்லிடுக்கில் கடுகும் இருந்திருக்கிறது. அவள் அதைக் குழாயடியில் சொன்னாள், கேட்ட யாரும் வாயைப் பிளக்கவில்லை, குழாயில் தண்ணீர் வராத நாளில்தான் எங்கள் ஆட்கள் வாயைப் பிளப்பார்கள், வருகிற நாளில் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசைக்கு ஓடுவார்கள். அப்படித்தான் இதற்கும் ஓடி வந்தார்கள்.

தனு பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாசலில் நின்றார்கள், திரும்பி வரும்போது முருங்கை மரத்தடியில் நின்றார்கள், சாப்டியா அம்முணி, சாப்டியா தாயி, என்ன சாப்ட்டே சாமி. டீ மட்டும் குடித்துவிட்டு ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிற ஆட்கள் இந்தப் பக்கமாக ஒரு நடை வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் ஜிலேபி சாப்பிட்டதாகச் சொல்லச் சொல்லி, சர்க்கரை ஏறாமல் ஜிலேபி தின்றார். மெஸ் வைத்திருக்கும் சென்னியப்பன் அண்ணன் வியாபாரம் படுத்துவிட்டது என்று சண்டைக்கு வந்தார், வந்தவர் பழக்க தோஷத்தில் சாப்டியா அம்முணி என்று ஆரம்பித்துவிட்டார், தனு மட்டன் குழம்பு என்று சொல்ல, கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றுவிட்டு, தன் கடைக் குழம்பைவிட உப்பு சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு போனார்.

உண்மையைச் சொன்னால் அவள் சொன்ன சாப்பாடு மாதிரி எங்கள் காம்பவுண்டில் யாரும் சமைத்ததில்லை. தோசை என்று மட்டும் சொல்ல மாட்டாள். ஓரம் முறுகலாக, நடுவில் மெத்தென்று, எண்ணெய் இன்னும் பொரிந்துகொண்டிருக்க, தேங்காய்ச் சட்டினியில் தாளித்த கறிவேப்பிலை கருகாமல் என்று சொல்வாள். ராத்திரியெல்லாம் அம்மாவின் போனில் சமையல் வீடியோ பார்ப்பாள். பட்டினி கிடக்கிறவளுக்குத்தான் சோறு அவ்வளவு நுணுக்கமாகத் தெரியும், இதை நான் அப்போது யோசிக்கவில்லை, அப்போது எனக்கு எரிச்சல் மட்டும்தான் வந்தது.

நான் மட்டும் அவளை எப்போதும் சாப்டியா என்று கேட்டதில்லை. பெரிய காரணமெல்லாம் இல்லை, பக்கத்தில் படுத்து உதைத்துக்கொண்டு தூங்குகிறவளை யார் அப்படிக் கேட்பார்கள். அதனால் எனக்கு மட்டும் பசித்தது, நானே ஆக்கி நானே தின்றேன், அதனால் எனக்கு மட்டும் கண் தெரிந்தது. மற்ற எல்லோரும் நிறைந்த வயிற்றோடு அவளைப் பார்த்தார்கள், நிறைந்த வயிற்றோடு பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். எப்படி இளைச்சு அம்சமா ஆயிட்டா பாரு என்றார்கள், பூசினாப்ல என்று சொன்ன அதே ராசாமணி அக்கா நெட்டி முறித்தாள், உன் தங்கச்சியைப் பார்த்தாவது வாயைக் கட்டேன் என்று எனக்குப் புத்தி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பன்னு என்கிற பெயர் போய்விட்டது. தனு சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது. சித்திரை வெயிலில் அவள் போர்வை போர்த்திக்கொண்டாள். மாதா மாதம் நாங்கள் இருவரும் பஞ்சுக்குச் சண்டை போடுவோம், அந்தச் சண்டை நின்றுபோனது. அம்மாவிடம் சொன்னேன், அதான் கேட்டேனே, சாப்ட்டேன்னாளே என்றாள், என் அம்மா பொய்யே சொல்லாதவள், அவள் வயிறும் அவளிடம் சாப்ட்டாள் சாப்ட்டாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

காம்பவுண்டில் அடுப்புகள் அணைந்தன. அம்மிக்கல்லில் எறும்பு ஊர்ந்தது. வாசம் என்று ஒன்று எங்கள் சந்திலிருந்து போயேபோய்விட்டது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்கூட கறி வேகிற வாசம் இல்லை, சாயத் தண்ணி வாடை மட்டும்தான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் வந்தது. தனு குடத்தைத் தூக்கினாள், குடம் அவளைத் தூக்கியது போலிருந்தது, பிறகு குடமும் அவளும் சிமெண்டுத் தரையில் விழுந்தார்கள். காம்பவுண்டே ஓடி வந்து சுற்றி நின்றது, ஒருத்தி தலையை மடியில் வைத்தாள், ஒருத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தாள், அவள் கண்ணைத் திறந்தாள், திறந்தவுடன் அத்தனை பேரும் ஒரே குரலில், அக்கறையாக, ஐயோ பாவம் என்கிற குரலில் கேட்டார்கள், "ஏன் கண்ணு, சாப்டியா?"

தரையில் கிடந்தபடியே தனு சொன்னாள். "சாப்ட்டேனுங்க."

சுற்றி நின்ற அத்தனை பேரும் ஏப்பம் விட்டார்கள்.

அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நான் அவளைத் தூக்கித் தோளில் போட்டேன். இவ்வளவு நாள் தங்கச்சியைத் தூக்க எனக்குத் தெம்பு வேண்டியிருந்தது, அன்றைக்கு வேண்டியிருக்கவில்லை, பிசிர் வெட்டின பீஸ் கட்டுகூட அதைவிடக் கனமாக இருக்கும். தெருமுக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டே, காலைல சாப்டியாம்மா என்றார். நான் வாயைப் பொத்துவதற்குள் அவள் சொல்லிவிட்டாள். டாக்டர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார், பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினார், வயசுப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் தலை சுற்றும் என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அவளைப் பாயில் படுக்க வைத்துவிட்டு, வாசல் கேட்டில் போய் நின்றுகொண்டேன். இனி யாராவது என் தங்கச்சியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் நடக்கிறதே வேறு என்றேன். ராசாமணி அக்காவுக்கு மனசு கெட்டுப்போனது.

"சாப்டியான்னு கேக்கறது ஒரு குத்தமா பூங்கொடி? அதைக்கூடக் கேக்காம மூஞ்சியத் திருப்பிட்டுப் போனா நாமெல்லாம் என்ன மனுசங்க?"

"மொதல்ல நீங்க கேக்கறது எதுக்குன்னு யோசிங்க்கா. அவளுக்கா, உங்களுக்கா?"

பதிலுக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை, உள்ளே வந்துவிட்டேன். தலையணை உறைக்குள்ளிருந்து கிளிப்பச்சை நிறம் எட்டிப் பார்த்தது. உருவி எடுத்தேன், அந்தச் சட்டைதான். மடித்து மடித்துக் கசங்கியிருந்தது, கழுத்தில் விரல் பட்டுப் பட்டு லேபிள் எழுத்து மங்கியிருந்தது. செக்கிங் டேபிளில் நிற்கிறவளுக்குத் துணி கையில் வந்தால் கண் சும்மா இருக்காது. லேபிளைப் புரட்டினேன், கோணலாக ஏறியிருந்தது, நூலும் கழுத்தைத் தைத்த நூல் இல்லை. டேப்பை எடுத்து மார்பளவு பார்த்தேன், தோள் பார்த்தேன், மறுபடி பார்த்தேன். அது பதினாலு வயதுச் சட்டையே இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வெட்டின பீஸில் யாரோ ஒருத்தி தூக்கக் கலக்கத்தில் பதினாலு லேபிளை வைத்துத் தைத்திருக்கிறாள். அதனால்தான் அது கப்பல் ஏறவில்லை. அதனால்தான் செகண்ட்ஸ்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவளை உலுக்கினேன், லேபிள் தப்புடி, சட்டைதான் செகண்ட்ஸ், நீ இல்ல என்று கத்தினேன்.

தனு சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"வந்த வாரமே. உன் டேப்பை எடுத்து அளந்து பாத்தேன்."

"அப்பறம் ஏண்டி?"

அவளுடைய குரலில் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற சுத்தம் இருந்தது. "சாப்ட்டா நான் பன்னு. சாப்டலைன்னா எல்லாரும் என்னைத் தேடி வர்றாங்க. நிறுத்திட்டா யாரு வருவாங்கக்கா?"

எனக்குக் கணக்கு வராது, ஆனால் இது எனக்குப் புரிந்தது. சட்டையில் இருந்த தப்பு லேபிளைப் பிரித்துவிடலாம், கத்தரி போதும். பள்ளிக்கூடம் ஒரு லேபிள் தைத்தது, காம்பவுண்டு அதன் மேல் இன்னொன்று தைத்தது, இரண்டுக்கும் நடுவில் துணி நைந்துகொண்டிருந்தது. அறிவுரை சொல்ல எனக்கு வராது. கட்டிப்பிடித்து அழவும் வராது. எனக்கு எரிச்சல், பயம், காலையிலிருந்து ஒன்றும் தின்னாததால் கண் இருட்டிக்கொண்டு வந்தது, அந்த எரிச்சலில்தான் கேட்டேன், யோசித்துக் கேட்கவில்லை.

"எனக்குப் பசி உயிர் போகுது. உனக்குப் பசிக்குதா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். இத்தனை மாதத்தில், இத்தனை பேரில், இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. இதற்கு அவளிடம் பழகின பதில் இல்லை. வாயைத் திறந்தாள், மூடினாள், உதடு கோணியது, நெற்றி சுருங்கியது, தூரத்தில் எங்கோ வைத்துவிட்ட ஒரு பொருளைத் தேடுகிறவள் மாதிரி உள்ளுக்குள்ளேயே தேடினாள்.

"பசிக்குது" என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு மறுபடியும் சொன்னாள். "பசிக்குதுக்கா. ரொம்பப் பசிக்குது."

அந்தச் சொல் எங்கள் வீட்டுக் கதவைத் தாண்டுவதற்குள் எதிர் வீட்டில் ராசாமணி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, குழாயடி, முருங்கை மரத்தடி, தனுவிடம் கேட்டுக் கேட்டு நிறைந்த அத்தனை வயிறும், தின்னாத அத்தனை பூரியும் தோசையும் மட்டன் குழம்பும் ஒரே மூச்சில் காலியாகி, மாதக்கணக்கான பசி அவரவரைத் தேடி வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் மிஷினை நிறுத்திவிட்டு ரோட்டுக்கு வந்தார்கள். சென்னியப்பன் அண்ணன் தன் மெஸ்ஸில் பழைய பரோட்டாவைத் தானே பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாராம். டாக்டர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு எங்கள் சந்துப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் சொல்கிறார்கள், அதை நான் பார்க்கவில்லை.

ஷிப்டிலிருந்து ஓடி வந்த அம்மா, இத்தனை நாள் நான் மட்டும் ஆக்கின அடுப்பைப் பற்ற வைத்தாள். அரிசியும் பருப்பும் களைந்தாள், சின்ன வெங்காயம் உரித்தாள். குக்கரை மூடிவிட்டுத் தனுவின் மணிக்கட்டைத் தன் இரண்டு விரலால் சுற்றிப் பார்த்தாள், விரலுக்கும் எலும்புக்கும் நடுவில் இடம் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வெளியே ஒவ்வொரு வீடாக அடுப்பு பற்றியது, கடுகு வெடித்தது, பூண்டு வாசம், கறி வாசம், கருகின வாசம், குக்கர்கள் விட்ட விசிலுக்கு நாய் எல்லாம் குரைத்தது.

அரிசிம்பருப்புச் சோற்றைத் தட்டில் வைத்து நெய் விட்டாள் அம்மா. தனு பார்த்தாள். பிசைந்தாள். என் தட்டு காலியாகும்வரை பிசைந்துகொண்டே இருந்தாள். முதல் வாய் உள்ளே போனபோது அக்கம்பக்கத்துக் குக்கரெல்லாம் விசிலடித்து ஓய்ந்திருந்தது, அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது, விழுங்குவதற்குக் கல்லைத் தூக்குகிற பாடு பட்டாள். கொஞ்சம் சாப்பிட்டாள். கொஞ்சம்தான்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நானும் பொய் சொல்கிறவளாவேன். அவளை வேறு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போகிறோம், அந்தம்மா சாப்டியா என்று கேட்பதில்லை, ராத்திரி என்ன நினைச்சுட்டுப் படுத்தே என்று கேட்கிறார், தனு பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொள்கிறாள், அந்தம்மா கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. இன்னமும் சில நாள் தனு பொய் சொல்வாள். சொன்னால் கேட்டவர் வயிறு இன்னமும் நிறையும். காம்பவுண்டில் நான் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன், அவளிடம் கேட்டு யாருக்காவது ஏப்பம் வந்தால் உடனே எங்கள் வீட்டில் வந்து சொல்லிவிட வேண்டும். முதலில் முணுமுணுத்தார்கள். ஓசிச் சாப்பாடு போன வருத்தம் சிலருக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் வந்து சொல்கிறார்கள், சில சமயம் கையில் கிண்ணத்தோடு வந்து சொல்கிறார்கள்.

இன்றைக்குக் காலையில் நான் கம்பெனிக்குக் கிளம்ப, தனு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். ராசாமணி அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள், வாயை இறுக்க மூடினாள், பழக்கம் விடவில்லை.

"சாப்டியா கண்ணு?"

தனு நின்றாள். நான் பல்லைக் கடித்தேன். ராசாமணி அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள், நிறைகிறதா என்று பார்க்க.

"இன்னும் இல்லீங்க்கா" என்றாள் தனு.

அந்தப் பதிலை ராசாமணி அக்கா ஜென்மத்தில் யாரிடமிருந்தும் கேட்டதில்லை. அவள் கை வயிற்றின் மேலேயே இருந்தது, வயிறு காலியாகவே இருந்தது. அடுத்து என்ன சொல்வது என்று மறந்துபோன மாதிரி நின்றாள். பிறகு ஞாபகம் வந்தவளாக வாளியை ஒதுக்கி வாசலில் வழி விட்டாள்.

"அப்ப வா."

உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, ஆனாலும் நின்று பார்த்தேன். தனு படியில் ரொம்ப நேரம் நின்றாள், ஓடிவிடுகிறவள் மாதிரி ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றினாள்.